93,000 பேர் வீடு திரும்பினார்கள், 54 பேர் திரும்பவில்லை: போர்க்கைதிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

வெண்ணாற்றங்கரை:
நண்பர்களே, இரண்டு நாளாக மனசு சரியில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. எந்த நாட்டுச் சண்டை என்றுகூடப் போட்டிருக்கவில்லை. ஒரு சிப்பாயைக் கண்ணைக் கட்டி மண்டியிட வைத்து என்னவோ கேட்கிறார்கள். இருபது வயது இருந்தால் அதிகம். பதில் சொல்லும்போது அவனுக்கு நாக்கு குழறுகிறது. அதற்குக் கீழே எங்கள் சொந்தக்காரர்கள் சிரிக்கும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். நல்லவர்கள்தான் எல்லோரும். அதுதான் என்னை உறுத்தியது.

கையில் ஆயுதம் இருக்கும்வரை அவன் எதிரி. ஆயுதத்தைக் கீழே போட்ட நிமிடத்திலிருந்து அவன் நம் பொறுப்பில் இருக்கும் ஆள். அவனுக்குச் சோறு போடுவதும், காயத்துக்கு மருந்து வைப்பதும், சண்டை முடிந்ததும் அவனை வீட்டுக்கு அனுப்புவதும் பிடித்தவனின் கடமை. 1949-இன் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை இதைத்தான் 143 விதிகளில் சொல்கிறது. அது யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய காகிதம் என்று நினைக்க வேண்டாம். நம் நாடே அதன்படி நடந்து காட்டிய காலம் ஒன்று உண்டு.

வங்கதேச விடுதலைப் போர். 1971 டிசம்பர் 16, டாக்கா ரம்னா குதிரைப் பந்தயத் திடல். பாகிஸ்தான் தரப்பில் லெப்டினன்ட் ஜெனரல் நியாஸியும், இந்திய-வங்கதேசக் கூட்டுப் படையின் சார்பில் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோராவும் கையெழுத்திட்டார்கள். அந்தச் சரணடைவுப் பத்திரம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அதற்குள்ளேயே, சரணடைந்தவர்கள் ஜெனீவா உடன்படிக்கைப்படி சிப்பாய்க்கு உரிய கண்ணியத்தோடு நடத்தப்படுவார்கள், அவர்கள் உயிருக்கு உத்தரவாதம் என்று எழுதப்பட்டிருக்கிறது. சிவிலியன்களையும் சேர்த்துச் சுமார் 93,000 பேர். அவர்களை டாக்காவில் அப்படியே விட்டிருந்தால் பாகிஸ்தான் ராணுவத்தின் ஒன்பது மாதக் கொடுமையை அனுபவித்த மக்களின் கோபத்துக்கு ஆளாகியிருப்பார்கள். ரயிலேற்றி ஜபல்பூர், ஆக்ரா, ராஞ்சி, மீரட், ரூர்க்கி என்று முகாம்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1973 செப்டம்பரிலிருந்து அட்டாரி-வாகா வழியாகத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 1974 ஏப்ரல் 30 அன்று நியாஸி எல்லை தாண்டியதோடு அது முடிந்தது.

இதே போரில் நம் பக்கத்தில் 54 பேர் திரும்பவில்லை. தரைப்படையினர், விமானிகள். பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று இந்திய அரசு நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் சொன்னது. எங்களிடம் யாரும் இல்லை என்று பாகிஸ்தான் மீண்டும் மீண்டும் மறுத்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு பக்கம் 93,000, இன்னொரு பக்கம் 54. வித்தியாசம் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். பட்டியல்தான் என்று தோன்றியது. 93,000 பேரின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. பிடிபட்ட சிப்பாய் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். அதை ஒரு அட்டையில் எழுதி அவன் குடும்பத்துக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்ப வழி செய்ய வேண்டும். அந்த அட்டை போய்ச் சேர்ந்த பிறகு அவனைச் சத்தமில்லாமல் ஒன்றும் செய்துவிட முடியாது. எழுதப்படாதவனை எது வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டையான்:
ஐயா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் நல்லவனாக இருந்து என்ன கண்டோம்? 1999-இல் கார்கிலில் கேப்டன் சௌரப் காலியாவும் ஐந்து வீரர்களும் ரோந்து போன இடத்தில் பிடிபட்டார்கள். ஜூன் மாதம் திரும்பி வந்தது ஆறு உடல்கள். அந்த உடல்களில் இருந்த காயங்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பாகிஸ்தான் அதையும் மறுத்தது. காலியாவின் அப்பா நீதி கேட்டு ஏறாத படி இல்லை. அந்த வீட்டில் போய் நின்று ஜெனீவா விதி பேச முடியுமா உங்களால்?

வெண்ணாற்றங்கரை:
முடியாது ஐயா. அந்த வீட்டில் போய் நான் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அந்தத் தகப்பன் கேட்பது என்ன என்று பாருங்கள். என் மகனைப் போர்க்கைதியாக நடத்தியிருக்க வேண்டும், நடத்தாதவர்களை விசாரியுங்கள் என்கிறார். அவர் கையில் பிடித்திருப்பதே இந்த விதிகளைத்தான். நாமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

விதியும் 'அவன் செய்தால்தான் நான் செய்வேன்' என்று எழுதப்படவில்லை. போர்க்கைதிகள் மேல் பழிவாங்கும் நடவடிக்கை கூடாது என்று 13-ஆம் விதி நேராகவே சொல்கிறது. ஏனென்றால் பழிவாங்கல் போய்ச் சேர்வது தப்புச் செய்தவனிடம் அல்ல. வேறு எங்கோ பிடிபட்ட, சம்பந்தமே இல்லாத ஒரு பையனிடம்.

ஹவில்தார் பேரன்:
இந்த இழையில் நான் எழுதியே ஆக வேண்டும். எங்கள் தாத்தா 72-இல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு முகாமில் காவல் பணியில் இருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவருக்கு அந்தப் பணி முதலில் பிடிக்கவே இல்லை. கூடப் பயிற்சி எடுத்த சிநேகிதர் ஒருவர் அந்தப் போரில்தான் இறந்திருந்தார். "அவனைக் கொன்ற பட்டாளத்துக்கு நான் காவல் நிற்கிறேன்" என்று ஊருக்குக் கடிதம் எழுதினாராம். கொஞ்ச நாளில் அந்தக் கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. ரேஷன் கொடுத்துவிடுவார்கள், சமையலை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ரொட்டி, பருப்பு, வாரத்தில் சில நாள் கறி. ரம்ஜான் மாதத்தில் விடியலுக்கு முன் அடுப்புப் பற்ற வைக்க அனுமதி. சாயங்காலம் வாலிபால். ஊரிலிருந்து கடிதம் வரும் நாளில் முகாமே வேறு மாதிரி இருக்குமாம். வராதவன் அன்றைக்கு யாரோடும் பேச மாட்டான். தாத்தா அந்த ஆட்களைத்தான் அதிகம் கவனிப்பாராம்.

ஒரு பஞ்சாபிக்காரர், தாத்தா வயதுதான் இருக்கும். அவர் டாக்காவுக்குக் கிளம்பிய பிறகு ஊரில் மகள் பிறந்திருக்கிறாள். கடிதத்தில் போட்டோ வந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தாத்தாவிடம் காட்டினார். தாத்தாவுக்கும் அப்போது எங்கள் அத்தை பிறந்து ஒரு வருடம். தன் சட்டைப் பையிலிருந்து அத்தை படத்தை எடுத்து இவரும் காட்டினாராம். பேசிக்கொள்ளப் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். தப்பிக்கப் பார்த்தவர்கள் மேலும், கலவரம் நடந்த இடங்களிலும் துப்பாக்கிச்சூடு நடந்து கைதிகள் இறந்திருக்கிறார்கள். தாத்தா அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆனால் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: அவர்களுக்குச் சாப்பாட்டுக் குறையையோ சோப்புக் குறையையோ விட, என்றைக்கு வீடு என்ற கேள்விதான் பெரிய வேதனை. சண்டை முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம். "நாங்கள் தோற்றது ஒரு நாளில். இந்தத் தண்டனை எத்தனை நாள்?" என்று ஒருவர் கேட்டதற்குத் தாத்தாவிடம் பதில் இல்லை.

வழக்குமன்றத்தான்:
தாத்தா சொன்ன அந்த இடம்தான் சட்டத்திலும் சிக்கலான இடம். நம் நாட்டைப் பாராட்டிவிட்டு இதைத் தாண்டிப் போகக் கூடாது.

118-ஆம் விதி சொல்வது, சண்டை ஓய்ந்ததும் தாமதம் இல்லாமல் போர்க்கைதிகளை விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்று. சமாதான ஒப்பந்தம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாசகம் வந்ததற்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது. 1929-இல் எழுதிய பழைய உடன்படிக்கையில் கைதிகள் திரும்புவது போர்நிறுத்த, சமாதான ஏற்பாடுகளோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சமாதான ஒப்பந்தமே வராமல் லட்சக்கணக்கானோர் வருடக்கணக்கில் பிடித்து வைக்கப்பட்டார்கள். சோவியத்தில் இருந்த கடைசி ஜெர்மன் கைதிகளுக்காக 1955 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் (சான்சலர்) அடினாவர் மாஸ்கோ வரை போய்ப் பேச வேண்டியிருந்தது. போர் முடிந்து பத்து வருடம்! இப்படி வருடக்கணக்கில் பிடித்து வைப்பது இனி நடக்கக் கூடாது என்றுதான், அந்தப் பயணத்துக்கு முன்பே, 1949-இல் 'தாமதம் இல்லாமல்' என்று எழுதினார்கள்.

1971-இல் சண்டை ஓய்ந்தது டிசம்பர் 17. இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை 2. அதில்கூடக் கைதிகளை அனுப்புவதைப் பற்றி இனிமேல் பேசுவோம் என்றுதான் இருந்தது. கைதிகளை அனுப்ப முடிவான டெல்லி ஒப்பந்தம் 1973 ஆகஸ்ட் 28. கணக்குப் போட்டால் இருபது மாதம். இந்தியாவின் வாதம், அவர்கள் சரணடைந்தது கூட்டுப் படையிடம், ஆகவே வங்கதேசத்தின் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது என்பது. வங்கதேசத்தைப் பாகிஸ்தான் அப்போது அங்கீகரிக்கவில்லை. அத்தோடு 195 பேரைப் போர்க்குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று டாக்கா கேட்டது. அதை எதிர்த்துப் பாகிஸ்தான் 1973 மே மாதம் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், அந்த வருடக் கடைசியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1974 ஏப்ரல் முத்தரப்பு ஒப்பந்தத்தில் அந்த விசாரணையும் கைவிடப்பட்டது.

குற்றம் செய்தவனை விசாரிக்கக் கைதியாக வைத்திருப்பது வேறு. 119-ஆம் விதி அதற்கு இடம் தருகிறது. வங்கத்தில் நடந்த கொலைகளுக்கும் வன்கொடுமைகளுக்கும் அந்த 195 பேரை விசாரித்தே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மீதிப் பேர்? சமையல்காரர், குமாஸ்தா, குடும்பத்தோடு பிடிபட்ட சிவிலியன்கள். அவர்களை அரசியல் பேரத்தில் வைத்த எடைக்கல் என்றுதான் நான் சொல்வேன்.

மலைக்கோட்டையான்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பக்கம் பாகிஸ்தானில் லட்சத்துக்கும் மேல் வங்காளிகள் மாட்டிக்கொண்டிருந்தார்களே. டெல்லி ஒப்பந்தத்தால்தானே அவர்களும் ஊர் திரும்பினார்கள்? கைதிகளை 72-லேயே அனுப்பியிருந்தால் அவர்கள் கதி என்ன? என் ஆதங்கமே வேறு. 93,000 பேர் கையில் இருந்தபோது நம் 54 பேரைக் கேட்டு வாங்காமல் விட்டோமே!

வழக்குமன்றத்தான்:
வங்காளிகள் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களைப் பிணையாக வைத்ததும் அதே தப்புதான், பாகிஸ்தான் செய்தது.

54 பேர் விஷயத்துக்கு வருகிறேன். மேற்குப் பாகிஸ்தான் முனையில் பிடிபட்டவர்களை இரு நாடுகளும் 1972 டிசம்பர் தொடக்கத்திலேயே பரிமாறிக்கொண்டன. நம்மவர்கள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் வாகா வழியாக வந்தார்கள். வந்தவர்கள் யார்? பட்டியலில் இருந்தவர்கள். 54 பேர் அதில் இல்லை. இல்லாதவனை எப்படிப் பேரம் பேசி வாங்குவது? வெண்ணாற்றங்கரை சொன்ன அந்த அட்டைதான் எல்லாம்.

பட்டியலில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமிலிருந்து மூன்று இந்திய விமானிகள் சுவரைத் துளைத்துத் தப்பினார்கள். திலீப் பருல்கர், கிரெவால், ஹரிஷ் சின்ஹ்ஜி. ஆப்கன் எல்லைக்குப் பக்கத்தில் லண்டிக்கோட்டல் வரை போய்விட்டார்கள். அங்கே லண்டிகானாவுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். அது வெள்ளைக்காரன் காலத்திலேயே மூடிவிட்ட ரயில் நிலையம். உள்ளூர்க்காரர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், சந்தேகம் வந்து பிடித்துவிட்டார்கள். தப்பி ஓடிப் பிடிபட்ட போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான், அதற்கு மேல் தண்டிக்கக் கூடாது என்பது விதி. மூன்று பேரும் அந்த டிசம்பரில் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள்.

கொங்குச்செல்வி:
54 பேரில் ஒருவர் பிளைட் லெப்டினன்ட் தாம்பே. அவர் மனைவி தமயந்தி தாம்பே தேசிய பாட்மின்டன் சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான். 1971 டிசம்பர் 5 அன்று கணவரின் விமானம் வீழ்த்தப்பட்டது. பிடிபட்ட இந்திய விமானிகள் என்று அந்தப் பக்கத்துப் பத்திரிகை ஒன்றில் சில பெயர்கள் வந்தன, அதில் 'டோம்பே' என்று ஒரு பெயர். அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா எத்தனை வருடம் அலைந்திருக்கிறார்! இன்னொரு மேஜரின் குடும்பத்துக்கு, அந்த டிசம்பர் கடைசியில் வந்த டைம் பத்திரிகையில் கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஆளின் படம்தான் ஆதாரம். 2007-இல் உறவினர்கள் பாகிஸ்தான் போய்ச் சிறை சிறையாகப் பார்த்தார்கள். யாரும் கிடைக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கழித்துப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினால் என்ன கிடைக்கும்?

செத்துவிட்டார் என்று தெரிந்தால் அழுது முடிக்கலாம். திதி கொடுக்கலாம். பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று தெரியாமல் ஒரு பெண்ணை ஆயுசு முழுக்க நிறுத்துவதைவிடக் கொடுமை வேறு இருக்கிறதா?

சேலையூர்_குமரன்:
நான் தாம்பரம் பக்கம். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் பிடிபட்டபோது எங்கள் தெருவே தூங்கவில்லை. முகமெல்லாம் ரத்தத்தோடு, கண்ணைக் கட்டி, கூட்டம் அடிக்கும் அந்தக் காணொளியைப் பார்த்து என் அம்மா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காயம்பட்ட வீரரைக் காட்சிப்பொருளாக்கியது ஜெனீவா விதிக்கு விரோதம் என்று நம் வெளியுறவுத் துறை கண்டித்தது. நாங்களும் அதையே சொன்னோம். மார்ச் 1 ராத்திரி அவர் வாகாவில் நடந்து வந்தபோது வெடி வெடித்தோம்.

அவரைக் கூட்டத்திடமிருந்து மீட்டது அந்த நாட்டு ராணுவம்தான், அதையும் சொல்ல வேண்டும். மூன்று நாளில் அனுப்பியும் வைத்தார்கள். சொல்ல வந்தது என்னவென்றால், அந்தக் காணொளியில் நமக்கு வலித்தது இன்றைக்கு வேறு ஒரு ஊர்ப் பையன் முகத்தில் வரும்போது ஏன் வலிக்கவில்லை? கைதியை அவமதிப்பிலிருந்தும் வேடிக்கை பார்க்கும் கண்களிலிருந்தும் காக்க வேண்டும் என்று 13-ஆம் விதியில் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கண் நம்முடையதுதானே. நான் இனி இந்த மாதிரிக் காணொளி எதையும் பகிர மாட்டேன். குழுவிலும் சொல்லிவிட்டேன்.

கொங்குச்செல்வி:
ஒரு சந்தேகம். கைதியே ஊர் திரும்ப மாட்டேன் என்றால்? திரும்பினால் சொந்த அரசே கொன்றுவிடும் என்று பயந்தால்?

வழக்குமன்றத்தான்:
நல்ல கேள்வி, இதில் இந்தியாவுக்கு நேரடி அனுபவம் உண்டு. கொரியப் போர் முடிவில் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வட கொரிய, சீனக் கைதிகள் திரும்ப மறுத்தார்கள். வட கொரியா, சீனாவிடம் பிடிபட்டவர்களிலும் சில நூறு பேர் மறுத்தார்கள், அமெரிக்கர்கள் உட்பட. பேச்சுவார்த்தை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்ததற்கு இந்தக் கேள்வியே முக்கியக் காரணம். கடைசியில் நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அமைத்தார்கள். தலைவர் நம் ஜெனரல் திம்மையா. 1953-54 குளிர்காலத்தில் கைதிகளைக் காத்தது இந்தியப் படை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விருப்பத்தைக் கேட்க வேண்டும், முகாமுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் மிரட்டுவதைத் தடுக்க வேண்டும். லேசான வேலை இல்லை. எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் கடைசியில் இந்தியப் படையோடு கப்பலேறி இங்கே வந்தார்கள். அனுப்புவது கடமை, ஆனால் ஆபத்துக்குள் தள்ளிவிடக் கூடாது என்பதே இன்றும் பொதுவாக ஏற்கப்படும் நிலை.

வன்னிமகள்:
எல்லோரும் எழுதியதை வாசித்தேன். எனக்கும் எழுத வேண்டும் போல இருந்தது.

2009 மே 18. இலங்கையில் போர் முடிந்த நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில் சனம் இராணுவத்திடம் போன நாள். இயக்கத்தில், அதாவது விடுதலைப் புலிகளில், இருந்தவர்கள் ஒருநாள் இருந்திருந்தாலும் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எத்தனையோ தாய்மார் தங்கள் கையாலேயே பிள்ளையைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். ஒரு பாதிரியார் பெயர்களை எழுதினார், பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்தப் பாதிரியாரும் திரும்பி வரவில்லை. எனது அண்ணாவும் வரவில்லை. 2017-இல் இருந்து வீதியோரக் கொட்டகைகளில் இருந்து கேட்கிற அம்மாக்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப் போனார்கள். எங்கடை அம்மா இன்னும் இருக்கிறா.

உள்நாட்டுச் சண்டை என்றபடியால் போர்க்கைதி என்ற பெயர் எங்கடை பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்லுகினம். பெயர் எதுவாக இருந்தால் என்ன, கையை உயர்த்திக்கொண்டு போனவர்கள்தானே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸ்காரரை இயக்கம் சுட்டது. அவர்களின் தாய்மாருக்கும் இதே நெஞ்சுதான். 2002-இல் ஓமந்தையில் செஞ்சிலுவை முன்னாலே இரண்டு பக்கமும் ஆட்களை மாற்றிக்கொண்ட நாளும் இருந்தது. அப்படியும் நடந்திருக்கலாம் என்று தெரியும்போதுதான் கூடுதலாக நோகுது.

வழக்குமன்றத்தான்:
சகோதரி, 'பெயர் இல்லை' என்பது பாதி உண்மை மட்டும்தான். நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளிலும் பொதுவாக இருக்கும் 3-ஆம் விதி உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களை எந்தச் சூழ்நிலையிலும் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும், கொலையும் சித்திரவதையும் கூடாது என்று அதில் இருக்கிறது. அரசுக்கும் அது பொருந்தும், எதிர்த்துப் போராடும் இயக்கத்துக்கும் பொருந்தும்.

மலைக்கோட்டையான்:
அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

மேலே நான் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். எதிரி செய்தால்தான் நாமும் செய்ய வேண்டும் என்பது போலப் பேசிவிட்டேன். கார்கில் கோபம் எனக்குப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் 1965 போரில், நம் முன்னாள் தரைப்படைத் தளபதி ஜெனரல் கரியப்பாவின் மகன் விமானியாகப் பாகிஸ்தானில் பிடிபட்டபோது, கரியப்பாவோடு இருந்த பழைய பழக்கத்தில் அன்றைய பாகிஸ்தான் அதிபர் அயூப்கான் அவரை விட்டுவிடத் தயாராக இருந்தார். அங்கே இருக்கும் எல்லாருமே என் பிள்ளைகள்தான், இவனுக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டாம் என்று கரியப்பா மறுத்துவிட்டார். சின்ன வயதில் எங்கள் அப்பா சொன்ன கதை, இந்த இழையைப் படிக்கும்போது ஞாபகம் வந்தது.

வெண்ணாற்றங்கரை:
வன்னிமகள், உங்களுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு காரியம் மட்டும் சொல்கிறேன். ஏற்கெனவே செய்திருப்பீர்கள், செய்யாமல் இருந்தால் என்று கேட்கிறேன்.

அண்ணாவைக் கடைசியாக யார் பார்த்தார்கள், எந்த இடம், எத்தனை மணி, கூட யார் யார் பஸ்ஸில் ஏறினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் தேடல் மனு கொடுத்த சீட்டு இருந்தால் மூன்று நான்கு நகல் எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். அண்ணாவின் பெயரைத் தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில், எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிச் சேருங்கள். தாம்பேயை டோம்பே என்று அச்சடித்த மாதிரி, நாளைக்கு ஏதாவது ஒரு பதிவேட்டில் ஓர் எழுத்து மாறி இருந்தாலும் அது அவர்தான் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வன்னிமகள்:
சீட்டு இருக்குது அண்ணா. நகல் எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கிறேன். அம்மா இரவில்தான் அண்ணாவைப் பற்றிக் கதைப்பா, பக்கத்தில் போனை வைத்துவிட்டு இருக்கிறேன்.